கை பாடும், குரல் மொழிபெயர்க்கும்: ஃபின்லாந்தின் சைன்மார்க் செய்யும் சைகை ராப் என்றால் என்ன?

மேடையில் இரண்டு பேர். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ராப் பாடுகிறார். மற்றவரிடம் மைக் இல்லை. கைகள் மட்டும் தாளத்தோடு வெட்டி வெட்டிப் போகின்றன. முதன்முறை பார்க்கிறவர் சட்டென்று முடிவு கட்டிவிடுவார்: மைக்காரர்தான் பாடகர், பக்கத்தில் நிற்பவர் காது கேளாதோருக்காகச் சைகையில் மொழிபெயர்க்க வந்தவர். நடப்பது அப்படியே தலைகீழ். பாட்டு கைக்காரருடையது. சைகை மொழி தெரியாத நமக்காக அதைக் குரலில் மொழிபெயர்ப்பவர்தான் மைக்காரர்.

அந்தக் கைக்காரர் பெயர் மார்கோ வுவோரிஹெய்மோ, மேடையில் சைன்மார்க். 1978இல் ஹெல்சிங்கியில் பிறந்தவர். பிறவியிலேயே காது கேட்காது, தாய்மொழி ஃபின்னிஷ் சைகை மொழி. 2009இல் வார்னர் மியூசிக் நிறுவனத்தின் ஃபின்லாந்துக் கிளை அவரோடு ஒப்பந்தம் போட்டபோது, பன்னாட்டு இசை நிறுவனம் ஒன்று காது கேளாத கலைஞரை ஒப்பந்தம் செய்வது இதுவே முதல்முறை என்று பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: காதே கேட்காதவர் எப்படி ராப் பாடுவார்?

தாளம் எந்த வழியாக வருகிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். காது கேளாதோர் எல்லாருமே முழு நிசப்தத்தில் வாழ்கிறவர்கள் இல்லை. பலருக்குக் கொஞ்சம் கேட்கும் திறன் மிச்சமிருக்கும், அதிலும் தாழ்ந்த சுருதி ஒலிகள் ஓரளவு எட்டும். அது சுத்தமாக இல்லாதவர்களுக்கும் தோல் இருக்கிறது. நம் தோலுக்கு ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு 250 அதிர்வு) பக்கம் அதிர்வு நன்றாக உறைக்கும். 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் அநேகமாக ஒன்றும் தெரியாது.

இந்த எண்களை ஒரு ஹிப்-ஹாப் பீட்டின் மேல் வைத்துப் பாருங்கள். காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மின் அடிவயிற்றுச் சத்தம் 50 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. பேஸும் அதே அக்கம்பக்கம்தான். குச்சியால் அடிக்கும் ஸ்னேர் டிரம்மின் கனமான பகுதி 200 ஹெர்ட்ஸைச் சுற்றி. இவை மூன்றும் பாதம் வழியாகவும் நெஞ்சுக்கூடு வழியாகவும் உள்ளே வந்துவிடும். ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகள் மட்டும் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் சிணுங்குவதால் தோலுக்குக் கிட்டவே கிட்டாது. அதாவது பீட்டின் எலும்புக்கூடு வந்துவிடுகிறது, மேல்பூச்சுதான் போகிறது. மெட்டின் ஏற்ற இறக்கத்தை நம்பி நிற்கும் பாட்டு வகைகள் பல இருக்க, ராப் மட்டும் ஏன் காது கேளாத கலைஞர்களின் கைக்கு இவ்வளவு லாகவமாக வந்தது என்பதற்கு என் பார்வையில் இதுவே பாதிப் பதில். ராப்பில் மெட்டைவிட நேரம்தான் பெரிது.

ஆனால் பாதத்துக்கு அதிர்வு இலவசமாக வந்து சேர்வதில்லை, அதற்கு ஏற்ற தரை வேண்டும். கீழே வெற்றிடம் உள்ள மரப்பலகை மேடை டமாரம் மாதிரி அதிரும். கான்கிரீட் மேடை அசையாது. அங்கே எவ்வளவு சத்தமாக வைத்தாலும் காலுக்கு ஒன்றும் ஏறாது.

இன்னொரு சிக்கல், ஒலி அமைப்பாளர்களே வேண்டுமென்று செய்வது. பெரிய நிகழ்ச்சிகளில் சப்வூஃபர்களை, அதாவது பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டிகளை, கூட்டத்தை நோக்கி வைத்து, மேடைப் பக்கம் போகும் பேஸ் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி அடுக்குவார்கள். மைக்கில் உறுமல் ஏறாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. பேஸை நம்பி நிற்கும் காது கேளாத கலைஞருக்கோ, கேட்கிற பாடகரின் காதில் பஞ்சு வைத்து அடைத்ததற்குச் சமம். தீர்வு எளியது: மேடையிலேயே, அவர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தனியாக ஒரு சப்வூஃபர். தூரமாக இருப்பதை நம்பக்கூடாது. ஒலி நொடிக்கு சுமார் 343 மீட்டர்தான் ஓடும். 17 மீட்டர் தள்ளி இருக்கும் பெட்டியிலிருந்து அடி வந்துசேர ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகிவிடும். கைக்கும் குரலுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் இடைவெளி விழ அதுவே போதும்.

இதற்கும் மேல் ஒரு காப்பு உண்டு: டிஜே பார்வைக்கு எட்டும் இடத்தில் நிற்பது. அவர் தலையாட்டல்தான் இங்கே தாளம் காட்டும் கருவி.

எதுகையும் மோனையும் கையில்

சைகை மொழியை வெறும் ஜாடை என்று நினைத்தால் இதற்கு மேல் ஒன்றும் புரியாது. 1960இல் வில்லியம் ஸ்டோக்கி என்ற அமெரிக்க மொழியியலாளர் காட்டியது இது: பேச்சுமொழிச் சொல்லை எழுத்துகளாகப் பிரிப்பதுபோலவே ஒரு சைகையையும் சிறு பாகங்களாகப் பிரிக்கலாம். கையின் வடிவம் (முஷ்டியா, விரித்த உள்ளங்கையா, சுட்டுவிரலா), அது நிற்கும் இடம் (நெற்றி, கன்னம், மார்பு, முன்வெளி), அது போகும் விதம் என மூன்றை அவர் சொன்னார். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். புருவம், வாய், தோள் ஆகியவற்றின் வேலையும் கணக்கில் வந்தது. இவற்றில் ஒன்றே ஒன்றை மாற்றினாலும் வேறு சொல்லாகிவிடும், ‘பல்’ ‘பால்’ ஆவதுபோல.

இனி எதுகை-மோனை தெரிந்தவருக்கு மிச்சம் சுலபம். நமக்கு முதலெழுத்து ஒன்றிவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் எதுகை. ஒரு பாகத்தை நிலையாக வைத்து மற்றதை மாற்றுவதுதான் இரண்டுக்கும் பொது. சைகைக் கவிதையிலும் அதேதான். அடுத்தடுத்து வரும் நான்கு சைகைகளும் முஷ்டி வடிவில் இருக்கட்டும்: முதலாவது நெற்றியருகே, அடுத்தது கன்னத்தில், மூன்றாவது மார்பில், நான்காவது இடுப்புக்குக் கீழே. வடிவம் ஒன்றிவந்தது, அது எதுகை. இடம் படிப்படியாக இறங்கியது, அது கண்ணுக்கு ஒரு சரிவு. பாட்டு வீழ்ச்சியைப் பற்றியதாக இருந்தால் சொல்லும் பொருளும் கை போகும் வழியும் ஒன்றாகிவிடுகின்றன. குரலால் இதைச் செய்ய முடியாது. சைகை ராப்பை ‘ஒலி இல்லாத ராப்’ என்று குறைத்துச் சொல்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

இது சைன்மார்க் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்கக் காது கேளாதோரிடம் 1, 2, 3 என்று எண்களின் கைவடிவங்களையே வரிசையாக வைத்துக் கதை சொல்லும் விளையாட்டு நெடுநாளாக உண்டு. வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகத்தில் கால்பந்து அணியை உற்சாகப்படுத்த, பெரிய டிரம்மை ‘ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று’ என்று அடித்து, அதே தாளத்தில் கூட்டமாகச் சைகை செய்வார்கள். ராப் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பிருந்தே இந்த மரபு இருக்கிறது.

ஒரு பாருக்குள் எத்தனை சைகை அடங்கும்?

நிமிடத்துக்கு 90 தாள அடி விழும் பீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு அடி கொண்ட ஒரு சுற்றைத்தான் பார் என்பார்கள், அது 2.67 நொடி. வாயால் பாடும் ராப்பர் இதற்குள் 12 முதல் 16 அசைகளைத் திணித்துவிடுவார். கைக்கு அந்த வேகம் வராது. நாக்கைவிடக் கை கனமானது, போக வேண்டிய தூரமும் அதிகம். அமெரிக்கச் சைகை மொழியை அளந்து பார்த்தவர்கள், ஒரு சைகைக்கு ஒரு சொல்லைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்று கண்டார்கள். நொடிக்கு இரண்டு, இரண்டரைச் சைகை என்று வைத்தால் ஒரு பாருக்கு ஆறுதான்.

அப்படியானால் பாதிப் பொருள் போய்விடுமா? போகாது. ஒரு முழுக் கருத்தைச் சொல்லி முடிக்க இரண்டு மொழிகளுக்கும் ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றே என்றும் அதே ஆய்வுகள் காட்டின. வாய் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்ல முடியும். கையும் முகமும் ஒரே கணத்தில் பலவற்றைச் சொல்லிவிடும். வலது கை ‘நடந்து போகிறான்’ என்று காட்டும்போதே நடையின் தளர்ச்சி அதே அசைவில் வந்துவிடும், கேள்வியா என்பதைப் புருவம் சொல்லும், இடது கை முந்தைய சொல்லை அப்படியே பிடித்துவைத்து நிற்கும்.

ஃபின்னிஷ் மொழியிலிருந்து ஒரு சொல்லை அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘தலோ’ என்றால் வீடு. ‘தலொஸ்ஸனிகின்’ என்றால் ‘என் வீட்டிலும்கூட’. நம் மொழியைப்போலவே வேற்றுமை, உடைமை, உம்மை எல்லாவற்றையும் ஒரே சொல்லின் வாலில் கட்டும் பழக்கம் ஃபின்னிஷுக்கும் உண்டு. வாயால் ஐந்து அசை, அழுத்தம் எப்போதும் முதல் அசையில். சைகையில் இந்த வால்கள் கிடையாது. வீடு, என்னுடைய, கூட என்று இரண்டு மூன்று தனிச் சைகைகளாகப் பிரியும், அல்லது வீட்டை ஏற்கெனவே தனக்கு முன்னுள்ள வெளியில் ஓரிடத்தில் ‘நட்டு’ வைத்திருந்தால் அந்த இடத்தைச் சுட்டினாலே முடிந்தது. ஃபின்னிஷ் வரியை எழுதிக்கொண்டு அதைச் சொல்லுக்குச் சொல் கைக்கு மாற்றுகிறவர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுவார். ஒரு பார் நிரம்பி வழியும், அடுத்தது காலியாகக் கிடக்கும்.

புதிதாகச் செய்து பார்ப்பவர்களிடம் அதிகம் தெரியும் இன்னொரு குறை, சைகைகளுக்கு நடுவில் வீணாகும் பயணம். நெற்றியில் முடிந்த சைகைக்கு அடுத்து இடுப்பில் தொடங்கும் சைகை வந்தால், கை கீழே வரும் நேரம் முழுக்கப் பொருளற்றது. ஆனால் பீட் நிற்காது. கை தேர்ந்தவர்கள் ஒரு சைகை முடியும் இடத்திலேயே அடுத்தது தொடங்கும்படி சொற்களைத் தேடுவார்கள். தேவைப்பட்டால் ஒரே பொருள் தரும் வேறு சைகையைப் போடுவார்கள், வரிசையை மாற்றுவார்கள். அதோடு, அடி விழும் கணத்தில் கையை ஒரு சிறு வெட்டோடு நிறுத்த வேண்டும். குழைந்து குழைந்து ஓடினால் அழகாக இருக்கும், தாளம் தெரியாது. நின்றால்தான் அது அடி.

குரல் யாருடையது?

கையில் வரி அமைந்த பிறகுதான் சிக்கலான கட்டம். கேட்கும் ரசிகர்களுக்காக அதே பாட்டு குரலிலும் வர வேண்டும். கையிலுள்ள ஆறு சைகைகளுக்கு எதிரே குரலுக்குப் பதினாறு அசை இடம் கிடக்கிறது. அர்த்தம் ஒரே பாருக்குள் முடிய வேண்டும், பஞ்ச் வரி இரண்டிலும் ஒரே அடியில் விழ வேண்டும், குரலில் இயைபும் கெடக்கூடாது. ஆகவே குரல் வரி கையின் நேர் மொழிபெயர்ப்பாக இருக்க முடியாது. ஒரே பாட்டின் இரண்டு மூலங்கள் மாதிரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழைக்க வேண்டியிருக்கிறது. சைன்மார்க்கின் பாட்டுகளில் பலவற்றுக்குக் குரல் கொடுத்தவர் பிராண்டன் என்ற ராப்பர்.

பன்னாட்டுப் பாடகர்களின் கச்சேரிகளில் ஓரத்தில் நின்று கலக்கும் சைகை மொழிபெயர்ப்பாளர்களின் வீடியோக்கள் அடிக்கடி வைரலாகின்றன. அவர்கள் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது வேறு தொழில். அங்கே குரல் ஓடுகிறது, கை துரத்துகிறது. பொருள் கேட்டுப் புரிந்த பிறகே கைக்கு வர முடியும் என்பதால், பாட்டை முன்கூட்டி மனப்பாடம் செய்யாவிட்டால் கை எப்போதும் ஒரு எட்டு பின்னால்தான் இருக்கும்.

2006 முதல் 2014 வரை

ஃபின்லாந்தின் பாம்ஃபங்க் எம்சீஸ் என்ற ஹிப்-ஹாப் குழு 1999-2000இல் ஆங்கிலத்தில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தது. 2000இல் ஃபின்டெலிஜென்ஸ் போன்ற ராப் குழுக்களால் ஃபின்னிஷ் மொழி ராப்பும் வேடிக்கைப் பாட்டு என்ற பெயரை உதறிவிட்டு எழுந்து நின்றது. உள்ளூர் மொழியில் உள்ளூர்ப் பிரச்சினையைப் பாடலாம் என்ற துணிச்சல் ஏற்கெனவே காற்றில் இருந்தது. சைன்மார்க் அதை இன்னொரு உள்ளூர் மொழிக்குக் கொண்டுபோனார்.

அவருடைய முதல் ஆல்பம் 2006இல் வந்தது, டிவிடியோடு. இது ஆடம்பரம் இல்லை, வெறும் சிடியில் அவர் பாட்டே இருக்காது! பாடுபொருளும் சாதாரணமானது இல்லை. ஃபின்லாந்தில் காது கேளாதோருக்கான கல்வியைத் தொடங்கியவர் கார்ல் ஆஸ்கர் மால்ம். தானும் காது கேளாதவரான அவர் ஸ்டாக்ஹோமில் படித்துத் திரும்பி, 1846இல் போர்வோ நகரில் பள்ளி திறந்தார். சைகையிலேயே பாடம் நடந்தது. 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானம் போட, அந்தக் காற்று ஃபின்லாந்திலும் வீசியது. பள்ளியில் கையை அசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். 1929ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம், பிறவியிலேயே காது கேளாத இருவர் ஒருவரையொருவர் மணப்பதைத் தடுத்தது. அந்தத் தடை 1969 வரை நீடித்தது. தன் சமூகத்தின் வரலாற்றை ராப்பாக்கிய சைன்மார்க்கின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய இந்த ஆண்டுகள் தேவை. அவர் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதைத்தான்: நாங்கள் ஊனமுற்றோர் இல்லை, ஒரு மொழிச் சிறுபான்மையினர். 1995இல் சைகை மொழி ஃபின்லாந்தின் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது, 2015இல் தனிச் சட்டமும் வந்தது.

2009இல் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கான ஃபின்லாந்துத் தேர்வில் ஓஸ்மோ இகோனென் என்ற பாடகரோடு சேர்ந்து ‘ஸ்பீக்கர்பாக்ஸ்’ பாட்டைக் கொண்டுவந்தார். இரண்டாம் இடம். வென்று, இறுதிப் போட்டி நடந்த மாஸ்கோ போனது வால்டோஸ் பீப்பிள் குழு. தோல்விதான், ஆனால் நாடே தொலைக்காட்சியில் பார்த்த தோல்வி. வார்னர் ஒப்பந்தமும் அதே ஆண்டுதான்.

அடுத்த ஆல்பம் ‘பிரேக்கிங் தி ரூல்ஸ்’ 2010இல் வந்தபோது கையின் மொழி மாறியிருந்தது: ஃபின்னிஷ் சைகை போய் அமெரிக்கச் சைகை, குரலில் ஆங்கிலம். சைகை மொழி உலகமெங்கும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். ஒன்று இல்லை. ஃபின்னிஷ் சைகை மொழியின் வேர் மால்ம் வழியாக சுவீடனுக்குப் போகிறது, அமெரிக்கச் சைகையின் வேர் பிரான்சுக்கு. ஒருவர் மற்றவரைப் பார்த்துத் தானாகப் புரிந்துகொள்ள முடியாது. ஃபின்னிஷ் சைகையைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சில ஆயிரம் பேர்தான், அமெரிக்கச் சைகையோ பல நாடுகளில் கற்கப்படுவது. ஃபின்னிஷில் பாடும் ராப்பர் ஆங்கிலத்துக்குத் தாவும்போது போடும் அதே வியாபாரக் கணக்கு. கிடைத்தது பெரிய கூட்டம். போனது, சொந்த மொழியில் மட்டுமே வரும் நுணுக்கம். 2014இல் ‘சைலண்ட் ஷவுட்’ என்று இன்னொரு ஆல்பமும் வந்தது.

படம்பிடிக்கும்போது பாழாவது

இந்தக் கலைக்கு ஒலிப்பதிவுக்கூடம் என்றால் கேமராதான், ஆனால் இசை வீடியோ எடுப்பவர்களின் வழக்கமெல்லாம் இதற்கு எதிரி. அரை நொடிக்கு ஒரு வெட்டு வைத்தால் சைகை நடுவில் அறுந்துபோகும், பாட்டின் நடுவே ஒலியை ‘மியூட்’ செய்வதற்கு ஒப்பானது அது. முகத்துக்கு மட்டும் நெருங்கிப் போனால் கை ஃபிரேமுக்கு வெளியே போய்விடும். தலைக்கு மேல் ஒரு சாண், கீழே இடுப்பு, இரண்டு பக்கமும் முழங்கை விரியும் அளவு இடம் – இதைவிடக் குறைக்கக்கூடாது. பக்கவாட்டிலிருந்து எடுத்தால் ஒரு கை மற்றதை மறைக்கும். வேகமான சைகை நொடிக்கு 25 ஃபிரேம்களில் மங்கலாகிவிடும், 50 வைத்து ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறுக்கினால் விரல் தெளியும். வசன வரிகளை வழக்கம்போல் கீழே நடுவில் போட்டால் மிகத் தாழ்வான சைகைகள் அதற்குள் புதையும்.

மேடையில் ஸ்ட்ரோப் விளக்கு, அதாவது விட்டுவிட்டு மின்னும் விளக்கு, கூடவே கூடாது. பின்னாலிருந்து மட்டும் வெளிச்சம் வந்தால் கலைஞர் நிழலுருவமாகி, முகம் சொல்லும் இலக்கணம் முழுக்கத் தொலையும். சட்டை ஒரே நிறத்தில், தோல் நிறத்துக்கு மாறாக இருக்க வேண்டும். ஹிப்-ஹாப்பின் பெரிய மோதிரங்களும் கைச்சங்கிலிகளும் இங்கே எழுத்துப்பிழை மாதிரி.

முதல் வீடியோவை எப்படிப் பார்ப்பது?

ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். அர்த்தம் தேட வேண்டாம். கை எங்கே வெட்டி நிற்கிறது என்று மட்டும் பார்த்து மேசையில் தட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் பீட் பிடிபட்டால் ராப்பர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டாம் முறையும் மௌனமாகவே, கைவடிவம் எத்தனை சைகைக்கு மாறாமல் தொடர்கிறது, எங்கே உடைகிறது என்று எண்ணுங்கள். மூன்றாம் முறை ஒலியைத் திறந்து குரலைக் கவனியுங்கள்: கை முடித்துவிட்டு நிற்கும் இடத்தில் குரல் இன்னும் நாலு அசையை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும்.